நிலைக்கு அடியில் அப்பா

ஜூலை 8, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. இது கடையின் நோட்டு. முன்பக்கத்திலிருந்து கதவு, நிலை, தூண், பெட்டி என்று நம்பர் போட்டு எழுதி வருகிறேன். பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். எழுதும் அளவுக்கு என்னிடம் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பேசும்போது என் வாக்கியங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன; எழுதினால் முற்றுப்புள்ளி வரை போகின்றன. அவ்வளவுதான் காரணம்.

காரைக்குடியில் பழைய மரச்சாமான் கடை. இடிக்கிற வீடுகளிலிருந்து கழற்றி வருவதை இங்கே வைத்து விற்கிறார்கள். அப்பா இருபத்தொரு வருடமாக இங்கே சுமை தூக்குகிறார். "கருத்தையா ஒரு பக்கம்னா மறுபக்கம் ரெண்டு பேரு" என்பது கடையில் எல்லோரும் சொல்வது. நான் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு எட்டு மாதம் சும்மா இருந்தபோது, "எம்மக படிச்சிருக்கு. நம்பர் போட்டு எழுதுறதுக்கு வேற ஆளு எதுக்குங்க?" என்று முதலாளியிடம் போய் நின்றார். அப்பா ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வியாழக்கிழமை நேமத்தான்பட்டியில் விசாலம் ஆச்சி வீடு. இரண்டு வாசல் நிலை எடுக்க வேண்டும். முகப்பு நிலை ஒன்று, உள்ளே இரண்டாங்கட்டு நிலை ஒன்று. நானும் போகிறேன்.

ஜூலை 9, புதன்

அம்மா திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் இரண்டு எடுத்து அப்பா சட்டைப் பையில் வைத்திருக்கிறாள். புது சாக்பீஸ் வாங்கினேன்.

ஜூலை 10, வியாழன்

அப்பா உயிரோடு இருக்கிறார். நாளை எழுதுகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தா. அப்பாவுக்கு இடது பக்கம் மூன்று விலா எலும்பு முறிவு. தோள் இறங்கிவிட்டது. நுரையீரலுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறைதான் எனக்குக் காதில் விழுந்தது.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். வரிசை இருந்தால் நம்ப முடியுமோ என்னவோ.

முகப்பு நிலையைச் சுவரிலிருந்து பெயர்த்துவிட்டார்கள். கதவை முன்பே கழற்றியாயிற்று. நிலை மட்டும். பர்மா தேக்கு, என்னைவிட இரண்டு மடங்கு உயரம். மேலே நெற்றிச் சட்டத்தில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை. ஆறு பேர் பிடித்து மெல்லச் சாய்த்தார்கள். கயிறு நழுவியது. நெற்றிப் பக்கம் முன்னால் சரிந்தது. ஐந்து பேர் விலகினார்கள். அப்படித்தான் விலக வேண்டும், அப்பாதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆனால் லட்சுமி முகம் தரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. வேறு எந்த மரமாக இருந்தாலும் அப்பா விட்டிருப்பார். இதை விடவில்லை. முகம் தரையில் மோதக் கூடாது என்று முதுகைக் கொடுத்தார். முதுகு தாங்கவில்லை. புரண்டு மல்லாந்து விழுந்தார். மார்பின் மேல் நிலை. அதன் கீழ்ப்படி ஒரு தூணின் அடியில் முட்டிக்கொண்டதால் முழு எடையும் இறங்கவில்லை. அது மட்டும் இல்லையென்றால் —

அப்பாவோடு சுமை தூக்கும் செல்வம் அண்ணன் கடப்பாரை எடுத்துவர வெளியே ஓடினார். மற்றவர்கள் கத்தினார்கள். நான் மூன்று அடி தள்ளி சாக்பீஸோடு நின்றேன். அப்பாவின் வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை.

அடுத்து எனக்கு நினைவில் இருப்பது செல்வம் அண்ணனின் குரல். "விடு பாப்பா! விடு! விட்ரு!"

நான் அந்த நெற்றிச் சட்டத்தைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். அது தரையிலிருந்து ஒரு முழம் எழுந்திருந்தது. அப்பாவைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே கிடத்தியிருந்தார்கள். மூன்று தடவை கத்தின பிறகுதான் விட்டேனாம். எனக்கு ஒரு தடவைதான் கேட்டது.

நான் நாற்பத்தொரு கிலோ. வீட்டில் சிலிண்டரை உருட்டத்தான் செய்வேன், தூக்க மாட்டேன்.

வலது கையில் இரண்டு நகம் போய்விட்டது. வலி இன்று காலைதான் தொடங்கியது.

ஜூலை 12, சனி

ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள் எப்படித் தப்பித்தார் என்று கேட்டார்கள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "செல்வமும் பயலுகளும் கடப்பாரை போட்டுத் தூக்குனாங்க."

நான் பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு நின்றேன். கையில் கட்டு.

அப்பாவுக்குத் தெரியும். மல்லாந்து கிடந்தவர். நான் தூக்கும்போது அவர் கண்கள் நேராக என்னைப் பார்த்தன. நேற்று எழுதும்போது வராத அது மட்டும் இன்று நினைவுக்கு வந்தது.

அம்மா கேட்டாள், "உன் கைக்கு என்னடி?"

"கதவு இடுக்குல மாட்டிக்கிச்சும்மா."

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூலை 14, திங்கள்

கடைக்குப் போனேன். கதவுகளுக்கு உப்புத்தாள் தேய்க்கும் சவரியம்மா அக்கா என்னைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு வந்து என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செல்வம் அண்ணன் சொல்லிவிட்டார்.

"ஆண்டவரோட ஆவி உம்மேல இறங்கியிருக்கு ஆத்தா. எங்க வேதத்துல சிம்சோன்னு ஒருத்தர் இருக்காரு. அவருக்கு இறங்குன மாதிரி."

"எனக்கு எதுவும் இறங்குன மாதிரி தெரியலக்கா."

"அவருக்கு மட்டும் லெட்டர் போட்டுட்டா இறங்குச்சு?"

நாளைக்குத் தன் பைபிளைக் கொண்டுவருகிறேன் என்றார். சாமி வேறயா இருந்தாலும் கதையைப் படிக்கலாம், பாவம் இல்லை என்றார். செல்வம் அண்ணனிடம் போய், யாரிடமும் சொல்லாதீக என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. விசாலம் ஆச்சி போனில் சொல்லிவிட்டார்: ஆடியில் இன்னொரு நிலையில் கை வைக்கக் கூடாது, ஆவணி பிறக்கட்டும். நல்லது.

முகப்பு நிலை கடைக்கு வந்து பின்கட்டில் கிடக்கிறது. நம்பர் 211. நான்தான் எழுதினேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அதன் பக்கத்தில் போய் நின்றேன். அதே இடத்தில் கையை வைத்தேன். அதே மாதிரி குனிந்தேன்.

அசையவில்லை. ஒரு நூல் அசையவில்லை. காலை அகட்டி வைத்துப் பல்லைக் கடித்து இழுத்தேன். சுவரை இழுப்பது மாதிரி இருந்தது. தோள் மட்டும் கிழிவது போல் வலித்தது.

பயந்துவிட்டேன். தூக்கினபோது வராத பயம் இன்றைக்கு வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போ அன்னைக்குத் தூக்குனது யாரு?

ஜூலை 20, ஞாயிறு

சிம்சோன் கதையை இரண்டு முறை படித்தேன். நான்கே அத்தியாயம். முடி வெட்டினால் பலம் போய்விடும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

முதலில் ஒரு சிங்கம். வெறும் கையால் கிழித்துப்போடுகிறான். ஆனால் அப்பா அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறது. அந்த வரியில் நின்றுவிட்டேன். அவ்வளவு பெரிய முரடன். அவனும் வீட்டில் சொல்லவில்லை.

அப்புறம் எத்தனை பேரைக் கொல்கிறான்! ஆவி இறங்குகிறது, கொல்கிறான். மறுபடி இறங்குகிறது, மறுபடி கொல்கிறான். சவரியம்மா அக்கா எவ்வளவு அன்பாகச் சொன்னார், இதுவா அது?

முடியைச் சிரைத்த பிறகு, எப்போதும் போல உதறிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அவன் எழுந்திருக்கிறான். கடவுள் தன்னை விட்டுப் போனது அவனுக்குத் தெரியவில்லை. பலம் போகும்போது சொல்லிக்கொண்டு போகாது போலிருக்கிறது. 211 பக்கத்தில் குனிந்தபோது எனக்கும் தெரியவில்லை.

கடைசிப் பக்கத்தைப் பற்றி இன்றைக்கு எழுத மனம் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

அப்பா வீட்டுக்கு வந்து ஐந்து நாள். மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தலையணையைக்கூட அம்மாதான் நகர்த்துகிறாள். அன்றிலிருந்து என்னிடம் நேராக ஒரு வார்த்தை இல்லை. "அதுட்ட தண்ணி கொண்டாரச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்கிறார். நான் "அது" ஆகிவிட்டேன்.

இன்று கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் அவரே கேட்டார், "என்னத்தப் படிக்கிற?"

சொன்னேன். சிங்கத்தைச் சொன்னேன், கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காசா என்ற ஊரைச் சொன்னேன். ஊரே காத்திருக்கிறது இவனைப் பிடிக்க. இவன் நடு இரவில் எழுந்து ஊர்க்கோட்டை வாசல் கதவையும் இரண்டு பக்க நிலையையும் தாழ்ப்பாளோடு சேர்த்துப் பெயர்த்துத் தோளில் வைத்து மலை உச்சிக்குக் கொண்டுபோகிறான்.

அப்பா தலையைத் தூக்கிவிட்டார். வலியில் முகம் சுளித்தது, ஆனாலும் தூக்கிவிட்டார்.

"நிலையோடயா?"

"ஆமாப்பா."

"கதவக் கழட்டாமயா?"

"கழட்டலப்பா."

"கூறு இல்லாத பய. கதவக் கழட்டிட்டுல்ல நிலையில கை வைக்கணும். கூட எத்தன பேரு?"

"ஒருத்தன்தான்."

"எந்தத் தோளு?"

"போடலப்பா."

"மலைக்கு எதுக்குக் கொண்டுபோனான்? வாங்குன ஆளு அங்கயா இருக்கான்?"

அம்மா அடுப்படியில் சிரித்துவிட்டாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்தச் சத்தம்.

அப்பா தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டார். "தூக்குறது பெருசில்ல. மலை மேல இறக்குனானே, அதுதான் பெருசு. இறக்கையிலதான் ஆளக் கொல்லும்." பிறகு, "அப்புறம் என்ன ஆனான்?"

"கண்ணப் பிடுங்கிட்டாங்கப்பா. செயில்ல மாவரைக்க விட்டாங்க."

"பாவிப் பயலுக. அப்புறம்?"

"தெரியலப்பா. இன்னும் படிக்கல."

பொய். தெரியும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அப்பா முதல் தடவையாக டீக்கடை வரை நடந்து போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். முகம் மண் மாதிரி. சட்டையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

பின்னாலேயே செல்வம் அண்ணன் வந்தார். வாசலிலேயே என்னை நிறுத்தினார். "பெருமையாத்தான் சொன்னேன் பாப்பா, சத்தியமா. அவனுக அதை இப்படித் திருப்புவானுகன்னு நெனக்கல."

டீக்கடையில் ஒருவன் சொன்னது இது: "கருத்தையாண்ணே, அடுத்த லோடுக்கு மகளை அனுப்புங்க. நீங்க டிபன் கேரியரைத் தூக்கிட்டு வாங்க."

அம்மாவுக்கு இப்போதுதான் முழுதும் தெரிந்தது. என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய் சட்டையை விலக்கித் தோளைப் பார்த்தாள். ஊதாவாக இருந்த இடம் இப்போது மஞ்சள். எண்ணெய் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அழுதாள். பிறகு, "நம்ம கருப்பசாமிதான் வந்து நின்னுருக்காரு உங்கிட்ட," என்றாள். ஆவி என்கிறார் ஒருவர், கருப்பு என்கிறாள் ஒருத்தி. நான் தூக்கியிருக்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 9, சனி

கடையிலிருந்து அரை நாளில் வந்துவிட்டேன். அம்மா ரேஷனுக்குப் போயிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஏதோ உரசும் சத்தம்.

அப்பா மண்டி போட்டிருந்தார். ஆட்டுக்கல் குழவியை இரண்டு கையாலும் மார்புக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தார். வாயில் துண்டைத் திணித்திருந்தார், சத்தம் வரக் கூடாது என்று. கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, கண்ணில் நீர் வழிய, மேலே, கீழே, மேலே. இடது கை பாதிக்கு மேல் போகவில்லை. குழவி கைநழுவி மண்ணில் புதைந்தது. அப்படியே அதன் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார்.

பையைக் கீழே வைத்தேன்.

என்னைப் பார்த்துவிட்டார். துண்டை எடுத்துவிட்டு மூச்சு வாங்க, "அம்மாட்ட சொல்லாத" என்றார். ஒரு மாதத்தில் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

எம்பத்தஞ்சு கிலோ மூட்டையைச் சிரிச்சிக்கிட்டே தூக்குன மனுசன். ஐயோ.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆவணி நான்காம் தேதி விசாலம் ஆச்சி வீட்டு இரண்டாவது நிலையை எடுக்கிறார்கள். அப்பா போகிறாராம். நெற்றிப் பக்கம் அவர்தானாம்.

அம்மா, அப்பா காலில் விழாத குறை. அப்பா அவளிடம் சொன்னார்: "வேலையவே விட்டுர்றேன் நாச்சியா. ஆனா அந்த வீட்டு நிலைய நான் எடுத்துட்டுத்தான் விடுவேன். இந்த ஒரு தடவதான்."

இந்த ஒரு தடவை. சிம்சோனும் இதே வார்த்தைதான்.

கடைசிப் பக்கத்தை இப்போது எழுதிவிடுகிறேன். கண் இல்லாமல் இரண்டு தூணுக்கு நடுவில் நின்று, இந்த ஒரு தடவை மட்டும் என்று பலத்தைக் கேட்கிறான். முன்பெல்லாம் கேட்காமலே வந்தது. இதைக் கேட்டு வாங்குகிறான். தன்னைக் கேலி செய்தவர்களைப் பழிவாங்கக் கேட்கிறான். கிடைக்கிறது. தூணைத் தள்ளுகிறான். வீடு எல்லோர் மேலும் விழுகிறது, அவன் மேலும்.

ஆகஸ்ட் 16, சனி

சொல்ல வேண்டும். இன்றைக்கு மூன்று முறை வாயைத் திறந்தேன். "அப்பா" வரை வந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அம்மா எலுமிச்சம்பழம் எடுத்து வைக்கவில்லை. அப்பாவே எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். விசாலம் ஆச்சி இரண்டாங்கட்டு நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார். இதிலும் நெற்றியில் லட்சுமி. அப்பாவைப் பார்த்ததும், "நீங்க எதுக்கு வந்தீக? ஒடம்பு தேறட்டுமே" என்றார். அப்பா காதில் வாங்கவில்லை. பயலுகள் நிலையைப் பெயர்த்து முடித்ததும் அதற்கு முன்னால் போய்த் துண்டை இறுக்கித் தலையில் கட்டினார். அப்பாவோடு சேர்த்து ஆறு பேர்.

செல்வம் அண்ணன் மெல்லச் சொன்னார், "அண்ணே, நீங்க குரல் மட்டும் குடுங்க. நாங்க பாத்துக்கிறோம்."

"தள்ளுடா."

அப்பா கையை மேலே கொடுத்தார். வலது கை சட்டத்தைத் தொட்டது. இடது கை தோள் உயரத்தில் நின்றுவிட்டது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன்.

"அப்பா."

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அப்பா! அந்த ஆளு செத்துட்டான்!"

எல்லோரும் திரும்பினார்கள். "எந்த ஆளு?" என்றார் அப்பா.

"சிம்சோன். நிலையோட கதவத் தூக்குனவன். அப்புறம் என்ன ஆனான்னு கேட்டீகல்ல, தெரியலன்னு சொன்னேன். தெரியும்ப்பா. கண்ணு போனதுக்கப்புறம் எல்லாரும் அவனக் கேலி பண்ணுனாங்க. இந்த ஒரு தடவ மட்டும் பலத்தக் குடுன்னு கேட்டான். சாமி குடுத்துச்சு. தூணத் தள்ளுனான். எல்லாம் அவன் மேலயே விழுந்துருச்சு. பலம் இல்லாமச் சாகலப்பா. பலம் வந்துதான் செத்தான்."

முற்றுப்புள்ளி வரை வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் அழுகிறேன் என்று தெரிந்தது.

கூட நின்ற பாண்டீஸ்வரன் கேட்டான், "யாருண்ணே அது, நம்ம திருப்பத்தூர் ஆளா?" யாரும் சிரிக்கவில்லை.

அப்பா மேலே லட்சுமியைப் பார்த்தார். பிறகு என் வலது கையைப் பார்த்தார். பாதி வளர்ந்த அந்த இரண்டு நகத்தை வெகுநேரம் பார்த்தார். சட்டத்திலிருந்து கையை எடுத்தார்.

"செல்வம், இன்னும் மூணு ஆளக் கூப்பிடு."

"உங்களுக்குப் பதிலா ஒருத்தன் போதாதாண்ணே? அன்னைக்கு —"

"அன்னைக்கு எம்மக ஒத்தையில தூக்குச்சு." அப்பா சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "அதுக்காக லேசுன்னு நெனச்சியா? எட்டுப் பேரு இல்லாம இதுல எவனும் கை வைக்கக் கூடாது."

ஆள் வரும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஆச்சி எல்லோருக்கும் மோர் கொடுத்தார். பிறகு அப்பா ஓரத்தில் நின்று குரல் கொடுக்க, எட்டுப் பேர் அதை இறக்கினார்கள். சாக்குகளின் மேல், லட்சுமி முகம் வானத்தைப் பார்க்க, சத்தமே இல்லாமல். நம்பர் 238. சாக்பீஸால் எழுதினேன்.

திரும்பும்போது மினிலாரியில் முன்னால் அப்பாவும் நானும். காரைக்குடி நெருங்கும்போதுதான் அப்பா கேட்டார்.

"ஒத்தையில எப்படித் தூக்குன?"

"தெரியலப்பா."

"இதுவும் பொய்யா?"

"இல்லப்பா. நெசமாவே தெரியல."

தலையை ஆட்டினார். வலது கையை என் தோளில் வைக்க வந்து, வலிக்கும் என்று நினைத்தாரோ, எங்களுக்கு நடுவில் சீட்டில் வைத்துக்கொண்டார்.

ஒன்று பாக்கி இருந்தது. ஜூலை பத்திலிருந்து நெஞ்சிலேயே கிடக்கிறது. செல்வம் அண்ணன் என்னிடம் மூன்று தடவை 'விடு' என்று கத்தினது. அன்று அப்பாவிடம் அப்படி யாரும் கத்தாதது. லாரி இரைச்சலில் கேட்டேன்.

"அப்பா, இனி எப்பவாச்சும் எதாச்சும் சரிஞ்சா, கைய விட்டுருங்கப்பா. லட்சுமி மூஞ்சி தரையில பட்டா படட்டும்."